செகண்ட் ஹேண்ட் காரில் கோடை எஃப்.எம். இழுக்க மாட்டேன் என்கிறது

போடிக்காரன்:

வணக்கம். ஏலக்காய் கமிஷன் வேலை எனக்கு. வாரத்துக்கு இரண்டு தடவை போடியிலிருந்து மதுரை, நடுவில் ஒரு தடவை மலைக்கு மேலே கேரளா பக்கம் பூப்பாறை. நாலு மாதத்துக்கு முன்னால் 2014 மாடல் சின்ன கார் ஒன்று வாங்கினேன். எஞ்சின், கியர், ஏசி எதையும் குறை சொல்ல முடியாது. ரேடியோதான் மானத்தை வாங்குகிறது.

எங்கள் பக்கம் கொடைக்கானலிலிருந்து வரும் கோடை எஃப்.எம். 100.5 டீக்கடைப் பொட்டி ரேடியோவில்கூடக் கணீர் என்று கேட்கும். கேட்காமல் என்ன, கொடைக்கானல் மலை 2,000 மீட்டருக்கு மேல் எழும்பி எங்கள் கண் முன்னால்தானே நிற்கிறது. என் காரில் மட்டும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். பல்லவி வந்தால் சரணத்தைக் காணோம். மதுரைக்குள் நுழைந்த பிறகு அங்கிருக்கும் ஸ்டேஷன்கள் தெளிவாக வருகின்றன. அதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

முன்னால் வைத்திருந்தவர் பழைய செட்டைக் கழற்றிவிட்டு 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு டச் செட் மாட்டியிருக்கிறார். கூரையில் இருக்கும் குட்டி ஆன்டெனாவைத் திருகி இறுக்கிப் பார்த்தேன், பலன் இல்லை. கடையில் கேட்டால், "செட்டு போச்சு சார், புதுசு 8,000 ரூபாய்" என்கிறார்கள். நம்பலாமா? இன்னொன்றும் கவனித்தேன். டேஷ்கேமராவைச் செருகினால் இரைச்சல் கூடுகிறது.

சும்மா ஒருத்தன்:

இந்தக் காலத்தில் யார் சார் ரேடியோ கேட்கிறார்கள்? ஃபோனை ப்ளூடூத்தில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே.

போடிக்காரன்:

ஃபோனில் நான் தேடி வைத்த பாட்டுத்தான் வரும் தம்பி. அடுத்தது என்ன பாட்டு என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற சுகம் அதில் ஏது?

வயரிங் அண்ணாச்சி:

8,000 ரூபாயை மடியிலேயே வைத்திருங்கள் தம்பி. நான் பாளையங்கோட்டையில் 30 வருடம் கார் வயரிங் பார்த்தவன். ரேடியோ இழுக்கவில்லை என்று வந்த வண்டிகளில் செட்டே கெட்டுப்போனது ரொம்பக் குறைவு.

காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். 100.5-ஐ வைத்துக்கொண்டு செட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆன்டெனா பின்னைப் பிடுங்குங்கள். பிடுங்கினதும் பாட்டு சுத்தமாகச் செத்துப்போனால் ஆன்டெனா ஏதோ வேலை செய்கிறது என்று அர்த்தம். பிடுங்கினாலும் அதே அரைகுறைப் பாட்டு வந்துகொண்டிருந்தால், இத்தனை நாளும் உங்கள் கார் ஆன்டெனா இல்லாமலேதான் ஓடியிருக்கிறது.

அடுத்து, முக்கால் மீட்டர் வயர் ஒன்றை எடுத்து நுனியைச் சீவி, செட்டின் ஆன்டெனா ஓட்டையில் நடுப்பின் போகிற இடத்தில் செருகி, வயரை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடியுங்கள். ஓரத்து உலோக வளையத்தில் படக்கூடாது. ஏன் முக்கால் மீட்டர் என்றால், 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர், அதில் கால்வாசி 75 சென்டிமீட்டர். பழைய கார்களில் இழுத்து நீட்டுகிற கம்பி அவ்வளவு நீளம் இருந்ததற்குக் காரணம் அதுதான். இந்த வயரில் கோடை கணீர் என்று வந்தால் செட் நல்ல செட். கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கூரையில் இருப்பது ஒரு சாண் ஆன்டெனாதானே? கம்பி குட்டையாக இருப்பதால் அதன் அடிக்கட்டைக்குள் சிக்னலைக் கூட்டுகிற சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பான். அதற்கு 12 வோல்ட் கரண்ட் வேண்டும். கம்பெனி செட் அதைத் தானாகவே கொடுத்துவிடும். வெளியில் வாங்கி மாட்டும் செட்டில் அதற்கென்று நீல வயர் ஒன்று தனியாக வரும், ரேடியோ போட்டால் மட்டும் அதில் 12 வோல்ட் வரும். மாட்டுகிற பையன்கள் பாட்டு வந்ததும் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நீல வயர் டேப் சுற்றி அநாதையாகக் கிடக்கும். ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வராவிட்டால் அது சிக்னலை அமுக்கிவிடும். ஊருக்குள் பக்கத்து ஸ்டேஷன் மட்டும் கேட்கும். நீங்கள் சொல்வதும் அதுதானே?

சில வண்டிகளில் இந்தக் கரண்ட் தனி வயரில் போகாது, ஆன்டெனா கேபிளின் நடுக்கம்பி வழியாகவே ஏறும். அதற்கு இடையில் மாட்ட ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும். எது எப்படி இருந்தாலும் பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். வண்டி நிற்கும்போதும் குடித்துக்கொண்டே இருக்கும். கை வைக்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

கரண்ட் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் கூரையில் அடிக்கட்டையைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் வாஷர் வெடித்து மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். எர்த் சரியாகப் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வாஷர் வைத்து முறுக்குங்கள்.

யாழ் ஓட்டுநர்:

அண்ணாச்சி சொன்னது சரி. எங்கட பக்கம் வேறொரு வில்லங்கம் இருக்கிறது, வாசிக்கிற இலங்கை ஆட்களுக்குப் பயன்படட்டும். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கு வரும் கார்களில் பழைய செட்டுகள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் எடுக்கும், அந்த நாட்டு அலைவரிசை அப்போது அப்படி. எங்கட ஸ்டேஷன்கள் 88 முதல் 108 வரைக்கும். அதனால் ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு குட்டிப் பெட்டியைப் பூட்டி விடுவார்கள். 12 மெகாஹெர்ட்ஸ் குறைக்கிற பெட்டி என்றால் 100.5 ஸ்டேஷன் திரையில் 88.5 என்று விழும். மலிவான பெட்டி சிக்னலையும் சேர்த்துத் தின்றுவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. கடைசியில் செட்டையே மாற்றினேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் செட் மாற்றுவது வீண் செலவில்லை.

போடிக்காரன்:

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிட்டேன். டாஷ்போர்டு ஃப்ரேமைக் கழற்றவே ஒரு மணி நேரம். ஒரு கிளிப் உடைந்தது, வீட்டுக்காரம்மாவிடம் சொல்லவில்லை.

பின்னைப் பிடுங்கினேன். பாட்டு அப்படியே வந்துகொண்டிருந்தது! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் வயர் சோதனை. ஏலக்காய் மூட்டைக்குக் கட்டுகிற கம்பிதான் கையில் இருந்தது, அதை 75 சென்டிமீட்டர் அளந்து வெட்டிச் செருகினேன். கோடை எஃப்.எம். வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது.

நீல வயர் நீங்கள் சொன்ன மாதிரியே டேப் சுற்றிக் கிடந்தது. ஆன்டெனா கேபிளோடு மெல்லிய வயர் ஒன்று வந்து சும்மா தொங்கியது. மல்டிமீட்டரில் நீல வயரில் 12 வோல்ட் வருவதைப் பார்த்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தேன். முக்கால்வாசி சரியாகிவிட்டது. மிச்ச இரைச்சல் டேஷ்கேமரா வேலை. அதன் சார்ஜரைப் பிடுங்கினால் அடங்குகிறது, செருகினால் திரும்ப வருகிறது.

வயரிங் அண்ணாச்சி:

அது சார்ஜருக்குள் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கிற சர்க்யூட் போடுகிற சத்தம். மலிவானவற்றில் அதை வடிகட்ட ஒன்றும் வைத்திருக்க மாட்டான். நல்ல சார்ஜர் வாங்குங்கள். கேமரா வயரை ஆன்டெனா கேபிளோடு சேர்த்து ஓட்டாமல் எதிர்ப்பக்கத் தூண் வழியாக இறக்குங்கள். வயர் நுனியில் இரைச்சலை அடக்குகிற ஃபெரைட் கவ்வி ஒன்று போட்டால் இன்னும் நல்லது, விலை அதிகமில்லை.

போடிக்காரன்:

செய்துவிட்டேன் அண்ணாச்சி. 250 ரூபாய் சார்ஜரோடு கதை முடிந்தது. நேற்று மதுரை போகும்போது உசிலம்பட்டி தாண்டியும் பிசிறில்லாமல் வந்தது. போடிமெட்டு ஏறும்போது 17 கொண்டை ஊசியில் வளைவுக்கு வளைவு போய்ப் போய் வருகிறது, மேலே ஏறி பூப்பாறை பக்கம் இறங்கினால் சுத்தமாக இல்லை. அதற்கும் ஏதாவது வயர் இருக்கிறதா?

வயரிங் அண்ணாச்சி:

நடுவில் மலை நிற்கிறது தம்பி. அந்த அரை மணி நேரம் ப்ளூடூத் போட்டுக்கொள்ளுங்கள்.