கிளட்ச் பிடிக்கும் நொடியில் வண்டி உதறினால்: கண்டறிந்ததும் சரிசெய்ததும்

முதல் கியரில் வண்டி நகரத் தொடங்கும் ஓரிரு நொடிகளில் மட்டும் ஹேண்டில்பார் முதல் ஃபுட்ரெஸ்ட் வரை அனைத்தும் உதறுவதும், கிளட்ச் லீவரை முழுவதுமாக விட்டவுடன் அந்த உதறல் அடியோடு நின்றுவிடுவதும்தான் என் வண்டியில் இருந்த குறை. எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் பல பிளேட் கிளட்ச் அது: உராய்வுப் பொருள் ஒட்டிய ஃப்ரிக்‌ஷன் பிளேட்களும் வெறும் ஸ்டீல் பிளேட்களும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்க, ஸ்பிரிங்குகளின் விசையால் பிரஷர் பிளேட் அவற்றை அழுத்திப் பிடிக்கும். கேபிள் வழியாக இயங்குவது. வண்டி என்னிடம் வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் பிளேட் செட் மாற்றப்பட்டிருந்ததால், கிளட்சில் குறை இருக்க வாய்ப்பில்லை என்றே பார்த்தவர்கள் கூறினர். பிளேட்கள் புதியவை என்பது கிளட்ச் முழுவதும் சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது என்பதால், எதையும் கழற்றுவதற்கு முன்பு அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதை வெளியிலிருந்தே பிரித்தறிய முனைந்தேன்.

நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினின் சுழற்சியை மெல்ல உயர்த்தியபோது உதறல் இல்லை; எனவே எஞ்சின் மவுண்ட் போல்ட்கள் தளர்ந்திருக்கும் என்ற ஐயம் பெருமளவு குறைந்தது. ஆனாலும் அவற்றை ஸ்பேனரால் ஒருமுறை சரிபார்த்துவிட்டேன், ஏனெனில் சுமை ஏறும்போது மட்டும் அசையும் மவுண்ட்களும் உண்டு. பின்சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் செயின் தொய்வை அளந்தேன். ஓரிடத்தில் இறுக்கமாகவும் மற்றோரிடத்தில் தளர்வாகவும் இருக்கும் செயினும், பின்சக்கர ஹப்பினுள் நசுங்கிப்போன ரப்பர்களும் புறப்படும் வேளையில் வண்டியைக் குலுக்கும். அவற்றைக் கிளட்சின் குறை என்று கருதி எஞ்சினைத் திறந்தவர்கள் பலர். ஆனால் செயினாலும் ரப்பராலும் வரும் குலுக்கல், கிளட்ச் முழுவதும் பிடித்த பிறகும் ஆக்சிலரேட்டரைத் திருகி விடும்போதெல்லாம் வெளிப்படும். என் வண்டியில் அது கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கும் நிலையில் மட்டுமே வந்தது.

இந்த இடத்தில் நிதானமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உதறலின் வேகம், எஞ்சின் சுழற்சிக்கும் கியர்பாக்ஸ் சுழற்சிக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்தொடர்ந்து, கிளட்ச் பிடிக்கப் பிடிக்கக் குறைந்துகொண்டே வருமானால், வளைந்த ஸ்டீல் பிளேட், சாய்வாக அழுத்தும் பிரஷர் பிளேட், உயரம் வேறுபட்ட ஸ்பிரிங்குகள் போன்ற வடிவக் குறைகளைச் சந்தேகிக்கலாம். உதறல் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நீடித்துவிட்டு நின்றால், உராய்வே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்: ஒட்டிநிற்கும்போது உள்ள உராய்வு வழுக்கும்போது உள்ள உராய்வைவிட அதிகமாகும்போது, பிளேட்கள் ஒட்டுவதும் நழுவுவதுமாக ஒரு நொடிக்குள் பலமுறை மாறி மாறி இயங்கி, செயின் வரையிலான முழுத் தொடரையும் அதன் இயல்பான அதிர்வெண்ணில் ஆட்டிவிடும். என் வண்டியில் கேட்டது இந்த இரண்டாம் வகை.

லீவர் நுனியில் ஃப்ரீ பிளே, அதாவது கேபிள் இழுபடத் தொடங்கும் முன் லீவர் வெறுமனே அசையும் தூரம், அளவாக இருந்தது. கேபிளும் தடையின்றி நகர்ந்தது. அதன் பிறகே எண்ணெயை வடித்துவிட்டுக் கிளட்ச் கவரைத் திறந்தேன். ஸ்பிரிங் போல்ட்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பிளேட்களை வெளிவந்த வரிசையிலேயே அடுக்கி வைத்தேன். அந்த வரிசைதான் விடையைத் தந்தது. இந்த மாடலில் கிளட்ச் ஹப்பின் (பிளேட் அடுக்கின் நடுவில் இருந்து கியர்பாக்ஸைச் சுழற்றும் பகுதி) அடிப்பகுதியை ஒட்டி, உள்விட்டம் பெரிதான ஒரு ஃப்ரிக்‌ஷன் பிளேட்டும், அதன் உள்வட்டத்துக்குள் அமரும் தட்டையான வளையம் ஒன்றும், சற்றுக் குழிந்த ஜடர் ஸ்பிரிங் ஒன்றும் இருக்க வேண்டும் என்று சர்வீஸ் மேனுவல் காட்டுகிறது. முன்பு போடப்பட்டிருந்த செட்டிலோ எல்லாப் பிளேட்களும் ஒரே அளவாக இருந்தன; வளையங்கள் இரண்டும் விடுபட்டிருந்தன. பிளேட்கள் ஒன்றையொன்று தொடத் தொடங்கும் கணத்தில் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவதே அந்த ஸ்பிரிங்கின் வேலை. அது இல்லாதபோதும் கிளட்ச் பிடிக்கும், வண்டி ஓடும், எனவே விடுபட்டதை எவரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு புறப்பாடும் முரட்டுத்தனமாகிவிடும்.

பிளேட் அடுக்கைச் சூழ்ந்திருக்கும் கூடை போன்ற கிளட்ச் அவுட்டரின் விரல்களிலும், ஃப்ரிக்‌ஷன் பிளேட்களின் காதுகள் மோதி மோதிச் சிறு பள்ளங்கள் விழுந்திருந்தன. பள்ளத்தில் காது சிக்கினால் பிளேட் சீராக நகராது. திடீரென நழுவி அடுத்த பிளேட்டை அழுத்தும். என்னுடையவை மேலோட்டமானவை என்பதால் மெல்லிய அரத்தால் செங்குத்தாகத் தேய்த்துச் சமன்செய்தேன். ஆழமான பள்ளங்களைத் தேய்த்தால் காதுக்கும் விரலுக்கும் இடையிலான இடைவெளி கூடி, தட்டும் ஓசை தொடங்கிவிடும். அந்த நிலையில் அவுட்டரை மாற்றுவதே முறை. ஸ்டீல் பிளேட்களைத் தட்டையான கண்ணாடியின் மேல் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்த்ததில் வளைவு எதுவும் வரம்பை மீறவில்லை. இரண்டு பிளேட்களில் சூட்டினால் ஏற்பட்ட நீலப் புள்ளிகள் தெரிந்ததால் அவற்றை மட்டும் மாற்றினேன்.

உரிய பிளேட்டையும் வளையங்களையும் வாங்கி, புதிய ஃப்ரிக்‌ஷன் பிளேட்டைச் சுத்தமான எஞ்சின் எண்ணெயில் ஊறவைத்து, ஸ்பிரிங்கின் குழிந்த பக்கம் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பதை மேனுவலில் பார்த்தே பொருத்தினேன். திசை மாறினால் அது இருந்தும் பயனில்லை. இப்போது கிளட்ச் மிருதுவாகப் பிடிக்கிறது. உதறல் முற்றிலும் நின்றுவிட்டது.

*

மேலே எழுதிய நண்பரின் அனுபவத்திலிருந்து என்னுடையது சற்று மாறுபட்டது. என் வண்டியில் புறப்படும்போது பெரிய உதறல் இல்லை; நியூட்ரலில் ஐட்லிங்கில் நிற்கும்போதுதான் வலப்பக்கக் கவரிலிருந்து கடகடவென்ற ஓசையும் ஃபுட்ரெஸ்ட்டில் நடுக்கமும் வந்தன. லீவரைப் பிடித்தால் ஓசை குறைந்தது. லீவரைப் பிடிக்கும்போது புதிதாக ஓசை எழுந்தால், கிளட்சை விடுவிக்கும்போது சுமை தாங்கும் ரிலீஸ் பியரிங்கைப் பார்க்கலாம்; பிடிக்கும்போது குறைந்தால் அவுட்டரையும் அது சுழலும் குழல் வடிவப் புஷ்ஷையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். கழற்றிய அவுட்டரை ஒரு கையிலும் அதன் பின்புற கியரை மறு கையிலும் பிடித்துத் திருப்பியபோது, இரண்டும் தெளிவாகத் தனித்தனியே ஆடின. இடையில் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக உள்ள டேம்பர் ஸ்பிரிங்குகள் தளர்ந்து போயிருந்தன. அவை ரிவெட் அடித்து மூடப்பட்டிருப்பதால் அவுட்டரை முழுமையாகவே மாற்ற நேர்ந்தது. பிளேட்கள் நல்ல நிலையில் இருந்தன. பழைய பிளேட்களையே மீண்டும் பொருத்தினேன்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார்சைக்கிள் எண்ணெய்க்கான ஜாசோ டி 903 என்ற ஜப்பானியத் தரத்தில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று குறிக்கப்பட்ட எண்ணெய்தான் இத்தகைய கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்ற குறி உராய்வு குறைந்த எண்ணெயைக் காட்டுகிறது. எண்ணெய் மாற்றியதை ஒட்டிக் கிளட்சின் நடத்தை மாறியிருந்தால், கவரைத் திறப்பதற்கு முன் டப்பாவில் உள்ள குறியைப் பார்த்துவிடுங்கள்.

*

நண்பரே, டேம்பர் ஸ்பிரிங்கைச் சோதிக்கும் முறையை விளக்கியதற்கு நன்றி. அவுட்டர் கையில் இருந்தபோது நானும் அதைத் திருப்பிப் பார்த்தேன், ஆட்டம் எதுவும் இல்லை. பொருத்தும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். ஸ்பிரிங் போல்ட்கள் சிறியவை. அவை திருகி ஏறும் போஸ்ட்கள் பெரும்பாலும் அலுமினியம். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் கைக்கு வந்தபடி இறுக்கினால் போஸ்ட் முறிந்துவிடும். எதிரெதிராக, சமமாக, மேனுவல் சொல்லும் அளவுக்கே இறுக்குங்கள். புதிய பிளேட்கள் படிந்து அமரும்போது ஃப்ரீ பிளே மாறும் என்பதால், சிறிது தூரம் ஓட்டிய பிறகு எஞ்சின் ஆறிய நிலையில் கேபிளை மீண்டும் ஒருமுறை சரிசெய்துவிட வேண்டும்.