வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும்? பூல் மேசையைப் படிக்கக் கற்ற அனுபவங்கள்

வியாசர்பாடி, சென்னை

பள்ளி நாள்களிலிருந்தே கேரம் ஆடியவன் நான். அந்தக் கைக்கு, கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் இறக்கும் பூல் ஆட்டத்துக்கு அலுவலகத்தின் ஓய்வறையில் போட்டிருந்த மேசை முதலில் எளிதாகவே தோன்றியது. பந்தைப் பாக்கெட்டில் இறக்குவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ஆனாலும் தொடர்ந்து தோற்றேன். மூன்று பந்துகளை வரிசையாக இறக்கிவிட்டு நான்காவதில் சிக்கிக்கொள்வேன். என்னைவிடச் சுமாராக அடிக்கிறவர்கூட நிதானமாக ஆடி வென்றுவிடுவார். இதற்கு என்ன காரணம் என்பது ஓராண்டு வரை எனக்கு விளங்கவில்லை.

அதை விளங்கவைத்தவர், மாடியில் இயங்கும் ஒரு பூல் கூடத்தில் நான் சந்தித்த, இரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். நாங்கள் ஆடியது எட்டுப் பந்து ஆட்டம்: அவரவர் ஏழு பந்துகளை இறக்கிய பிறகு கறுப்பான 8-ஐ இறக்குகிறவர் வெல்வார். அன்று முழுநிறப் பந்துகள் எனக்கும் பட்டைப் பந்துகள் அவருக்கும் அமைந்தன. எனக்கு 2, 5, 7 ஆகிய மூன்று மட்டுமே மீதம் இருந்தன. 2 மூலைப் பாக்கெட்டின் வாயிலேயே நின்றது, 7 நடுப் பாக்கெட்டுக்கு வாகாக இருந்தது, 5 மட்டும் அவருடைய 11-உடன் ஒட்டிக்கொண்டு, மேசையின் நீளப் பக்க விளிம்பான குஷன் ஓரமாகக் கிடந்தது. நான் 2-ஐ இறக்கினேன், 7-ஐ இறக்கினேன், பிறகு 5-ஐ அடிக்க வழியில்லாமல் விழித்தேன். பெரியவரோ தம்முடைய 14-ஐ இறக்கிய அதே அடியில் வெள்ளைப் பந்தை மெல்ல உருளவிட்டு, ஒட்டியிருந்த அந்த இரண்டையும் பிரித்தார். பிரித்த பிறகு வெள்ளை எங்கே போய் நின்றாலும் அடிப்பதற்கு வசதியாக, பாக்கெட் அருகிலிருந்த 9-ஐ அவர் அதுவரை தொடாமலே வைத்திருந்தார் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். கறுப்பையும் முடித்துவிட்டு, "தம்பி, கஷ்டமான காயைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் உதவிக்கு எந்தக் காய் வரும்?" என்று கேட்டார்.

காய் என்று அவர் சொன்னது தற்செயலன்று. நான் கேரம் ஆடுகிறவன் என்பதை என் கண் போகும் திசையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாராம். கேரத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் புதிதாக வைக்கிறோம்; ஆகவே அது போய் எங்கே நின்றது என்பதை யாரும் பார்ப்பதில்லை. பூலிலோ வெள்ளை நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த அடி. எடையிலும் வேறுபாடு இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் காயைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது என்பதால் மோதிய பிறகும் முன்னோக்கியே ஓடும். பூல் பந்துகளுக்கோ வெள்ளை உள்பட எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே எடை. உருளாமல் வழுக்கிச் செல்லும் வெள்ளை நேருக்கு நேர் மோதினால் அங்கேயே நின்றுவிடும். சாய்வாக மோதினால், அடிபட்ட பந்து போகும் திசைக்குச் செங்குத்தாக விலகும்.

இயல்பாக உருண்டு வரும் வெள்ளைக்குக் கணக்கு வேறு. அடிக்கும் திசையிலிருந்து பார்க்கையில் எதிர்ப்பந்தின் கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை மறைக்கும்படி எப்படிப் பட்டாலும், வந்த வழியிலிருந்து சுமார் 30 பாகைதான் அது திரும்பும். பெரியவர் சுட்டுவிரலையும் நடுவிரலையும் நன்றாக அகட்டி, ஒரு விரலை வெள்ளை வரும் பாதையில் வைத்து, மற்ற விரல் காட்டும் திசையைப் பார்க்கச் சொன்னார். அந்தத் திசையில் ஒரு பாக்கெட் இருந்தால் வெள்ளை அதற்குள் விழுந்து ஃபவுல் ஆகும் என்பது அடிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. பிறகு தேநீர்க் கடை ரசீதை நான்காக மடித்து மேசைமேல் வைத்து, வெள்ளை அதன்மேல் வந்து நிற்க வேண்டும் என்றார். முதல் நாள் இருபது அடிகளில் நான்கு முறைதான் அருகிலாவது போனது.

கோயம்புத்தூர்

சென்னை நண்பர் கேரத்திலிருந்து வந்தவர்; நானோ பெரிய மேசையில் சிவப்புப் பந்துகளையும் வண்ணப் பந்துகளையும் இறக்கும் ஸ்னூக்கரிலிருந்து வந்தவன். என் குறை வேறு வகையைச் சேர்ந்தது. ஸ்னூக்கரில் சிவப்புகள் தீரும் வரை வண்ணப் பந்துகளை எடுத்து மீண்டும் அதனதன் புள்ளியில் வைக்கிறார்கள். பூலில் போன பந்து போனதுதான். மேலும், பன்னிரண்டடி மேசையில் 52.5 மி.மீ. பந்துகளோடு பழகிய கண்ணுக்கு, 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் உள்ள ஆடுபரப்பில் 57 மி.மீ. பந்துகள் பதினைந்து கிடப்பது நெரிசலான சந்தையாகத்தான் தெரியும். பந்து பாக்கெட்டில் விழுமா என்பதைவிட வெள்ளை போவதற்குச் சந்து இருக்கிறதா என்பதே இங்கே முதல் கேள்வி.

அதனால் நான் இப்போது கறுப்பிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறேன்: கறுப்பை எந்தப் பாக்கெட்டில் முடிப்பது, அதற்கு வெள்ளை எங்கே நிற்க வேண்டும், அந்த இடத்துக்கு வெள்ளையை அதிகம் ஓடவிடாமல் கொண்டுவந்து சேர்க்கும் பந்து எது? அந்தப் பந்தைக் கடைசிக்கு முந்தையதாக ஒதுக்கிவிடுகிறேன். அது எவ்வளவு ஆசை காட்டினாலும் தொடுவதில்லை. (தொட்ட நாள்கள் உண்டு, அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.) இடம் பிடிப்பதில் இன்னொன்றும் உண்டு. அடுத்த பந்தை அடிப்பதற்கு ஏற்ற பரப்பின் குறுக்கே வெள்ளை பாய்ந்தால், வேகம் சற்றுப் பிசகினாலும் தாண்டிவிடும். அதன் நீளவாக்கில் வந்தால் ஒரு சாண் முன்பின் நின்றாலும் அடி கிடைக்கும். மழைக்காலத்தில் துணி ஈரம் வாங்கி ஓட்டம் குறைந்துவிடுவதால், முதல் ஆட்டத்துக்கு முன் வெள்ளையை இரண்டு முறை நீளவாக்கில் உருட்டிப் பார்ப்பதை நான் விடுவதில்லை.

சிங்கப்பூர்

நண்பர்கள் இருவரும் தங்கள் பந்துகளைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். என்னைத் தோற்கடித்த பெண்மணி என் பந்துகளைத்தான் முதலில் எண்ணினார். நான் ஆறு பந்துகளை வேகமாக இறக்கிவிட்டுப் பெருமையோடு நின்றேன். மேசையில் என்னுடையது ஒன்றும் கறுப்பும் தவிர மற்ற அனைத்தும் அவருடையவை. அவருக்கு நல்ல அடி ஏதும் இல்லை. தம்முடைய பந்து ஒன்றை மெதுவாகத் தட்டி, வெள்ளையை மற்றொன்றின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். குஷனில் அடித்து என் பந்தைத் தொட முயன்று தவறினேன். ஃபவுல் ஆனதால் வெள்ளையை விரும்பிய இடத்தில் வைக்கும் உரிமை அவருக்குப் போனது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. என் பந்துகளை எல்லாம் ஒரே மூச்சில் இறக்கி முடிக்க முடியாது என்று தெரிந்தால், அவற்றில் ஒன்றைப் பாக்கெட் வாயிலேயே விட்டு எதிராளிக்கு வழியை அடைத்துவைக்கிறேன் இப்போதெல்லாம்.

வியாசர்பாடி, சென்னை

சிங்கப்பூர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு, பெரியவருடன் சென்ற சனிக்கிழமை ஆடியபோது என் 3-ஐ மூலைப் பாக்கெட்டின் வாயில் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அவர் மேசையை ஒருமுறை சுற்றி வந்து, அடிக்கும் கோலான க்யூவின் நுனிக்குச் சாக் தடவியபடியே என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அந்த மூலைப் பக்கம் போகவே தேவையில்லாத வரிசையில் தம் பந்துகளை முடித்தார். கறுப்பு விழுந்து வெகுநேரம் கழித்தும் என் 3 அங்கேயே நின்றுகொண்டிருந்தது.