கலைச்சொல் உதவி: 'ரெடி டு ரிப்போர்ட்' – வெள்ளிக்குள் வேண்டும்

விருதுநகர் ஆசிரியை (திங்கள் இரவு)

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் 24 கணினிகளில், பெரிய அறிவியல் கணக்கைப் பிரித்துப் பலருடைய கணினிகளில் போட வைக்கும் பாயிங்க் மென்பொருளைப் போட்டு, அவை சும்மா இருக்கும் நேரத்தை விண்மீன் ஆய்வுக்கான ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டத்துக்குக் கொடுத்துவருகிறோம். பிள்ளைகள் ஆசையாகத்தான் செய்கிறார்கள். இடறுவது மொழியில்.

போன வாரம் மூன்று கணினிகளில் வேலை முடிந்து 'ரெடி டு ரிப்போர்ட்' என்று நின்றது. என் தமிழ்க் கையேட்டில் அதை 'அறிக்கையிடத் தயார்' என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி நோட்டும் பேனாவுமாக வந்து, "மிஸ், அறிக்கை எத்தனை பக்கம் எழுதணும்?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. இன்னொரு பையன் மென்பொருள் சிக்கிக்கொண்டது என்று நினைத்துத் திட்டத்தையே ரீசெட் செய்துவிட்டான். முடிந்திருந்த வேலைகளும் ஓடிக்கொண்டிருந்தவையும் சேர்ந்து போய்விட்டன. நான்கு நாள் கணக்கு. அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எனக்கு நான்கு சொற்கள் வேண்டும்: வொர்க்யூனிட் (திட்டம் பிரித்துக் கொடுக்கும் ஒரு பங்கு வேலை), டாஸ்க், செக்பாயின்ட், ரெடி டு ரிப்போர்ட். இப்போது முறையே பணித்துண்டு, பணி, சோதனைச்சாவடி, அறிக்கையிடத் தயார் என்று வைத்திருக்கிறேன். வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது.

தஞ்சாவூர் புலவர் ஐயா

அம்மா, 'பணித்துண்டு' வேண்டாம். துண்டு விழுந்தது என்றால் பற்றாக்குறை என்றுதான் நம் ஊரில் பொருள்.

வேலையைப் பகிர்ந்து கொடுப்பதைப் பற்றி வள்ளுவரைவிடத் தெளிவாக யார் சொன்னார்கள்? 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்' (517). அதிகாரத்தின் பெயரே தெரிந்துவினையாடல். ஆகவே வொர்க்யூனிட் 'வினைக்கூறு', டாஸ்க் 'வினை'. ரிப்போர்ட் செய்வது 'ஒப்புவித்தல்'. 'ஒப்பு' என்பது அருமையான வேர். ஒப்பம், ஒப்பந்தம், ஒப்பனை, ஒப்பாரி எல்லாம் அதன் பிள்ளைகள். வாங்கிய பாடத்தை ஆசிரியர் முன் நின்று ஒப்புவிக்கிறோம். வாங்கிய வேலையைக் கணினி ஒப்புவிக்கிறது. 'ஒப்புவிக்கத் தயார்'.

இன்னும் ஒன்று. 'கூறு' பகுதியும் ஆகும், சொல்லுதலும் ஆகும். கூறாக வாங்கிச் செய்து முடித்ததைக் கூறுகிறது. கொடுப்பதும் தெரிவிப்பதும் ஒரே சொல்லில் அமைகின்றன. இந்த வாய்ப்பு வேறு எந்த மொழிக்குக் கிடைக்கும்?

சென்னை நிரலாளர்

ஐயா, குறள் பொருத்தம் என்பதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். வேலை பங்கிடும் வழங்கி (சர்வர்) உண்மையில் அதைத்தான் செய்கிறது. கேட்கும் கணினியின் நினைவகம், வட்டில் உள்ள இடம், இயங்குதளம், ஒரு நாளில் அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையெல்லாம் பார்த்து, கெடுவுக்குள் முடிக்காது என்று பட்டால் வேலையே கொடுக்காது. மிஸ், 'புதிய வேலை 0' என்று வந்தால் ஆய்வகக் கணினிகள் நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகின்றன என்பதை முதலில் பாருங்கள். சில நேரம் வழங்கியிடமே வேலை இருக்காது. 2020-இல் கொரோனா ஆய்வுக்காக, இதே போன்ற இன்னொரு திட்டமான ஃபோல்டிங் அட் ஹோமுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தபோது கொடுக்க வேலை போதவில்லை. அதில் பயனரின் தவறு எதுவும் கிடையாது.

ஆனால் 'வினை' வேண்டாம். பிள்ளைகளுக்கு வினை என்றால் வினைச்சொல், வீட்டுப் பெரியவர்களுக்கு ஊழ்வினை. 'உங்கள் வினை முடிந்தது' என்று திரையில் வந்தால் என் அம்மா கணினியை அணைத்துவிடுவார். 'கூறு' மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைப்பார்களே, ஏறக்குறைய ஒரே அளவாக, ஆளுக்கு ஒன்று எடுத்துப்போக. வொர்க்யூனிட் அதுதான்.

'ஒப்புவித்தல்' சரிப்படாது. இங்கே நடப்பவை இரண்டு. முதலில் விடைக்கோப்பு வழங்கிக்குப் பதிவேறுகிறது. அப்புறம்தான் 'இந்த வேலை முடிந்தது' என்று பங்கிடும் வழங்கியிடம் சொல்வது. ரெடி டு ரிப்போர்ட் என்றால் கோப்பு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, சொல்வதுதான் பாக்கி. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அங்குள்ள தரவுத்தளத்துக்கு வேலை வைப்பதால், மென்பொருள் பல முடிவுகளைச் சேர்த்துவைத்து, பெரும்பாலும் அடுத்த வேலை கேட்கப் போகும்போது ஒன்றாகச் சொல்லும். 'ஒப்புவி' என்றால் கையில் இருப்பதைக் கொடுப்பது. கையில்தான் ஒன்றும் இல்லையே!

யாழ்ப்பாணத்து அண்ணன்

தங்கச்சி, 'சோதனைச்சாவடி'யைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கோ. எங்களுக்கு அந்தச் சொல்லோடு அடையாள அட்டையும் நீண்ட வரிசையும் துவக்கும்தான் நினைவுக்கு வரும். பிழை என்பதற்காகவும் எடுக்க வேண்டும். அங்கே ஒருவரும் எதையும் சோதிப்பதில்லை. கணினி தான் செய்த அளவை வட்டில் எழுதி வைக்கிறது, மின்சாரம் போய் வந்தால் அந்த இடத்திலிருந்து தொடர்கிறது. அவ்வளவுதான்.

எங்கட ஊர் வீதிகளில் கேணி, மாடுகள் உடம்பை உரஞ்சும் ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய துணையும் இல்லாமல் சுமைதாங்கியில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு போகலாம். தோள் உயரத்துக்குக் கட்டியிருப்பார்கள். செக்பாயின்டுக்கு 'சுமைதாங்கி' என்று வைத்தால் என்ன?

ரிப்போர்ட்டுக்கு நாங்கள் 'கையளித்தல்' என்போம். ஆனால் சென்னைத் தம்பி சொன்ன அதே தடை அதற்கும் உண்டு என்று விளங்குகிறது. 'பதிவேற்றம்' இங்கே 'தரவேற்றம்'. அதை இன்றைக்குக் கிளப்பவில்லை.

தஞ்சாவூர் புலவர் ஐயா

சுமைதாங்கி! கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய சொல்.

ஒப்புவித்தலை நான் கைவிடவில்லை. பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை புத்தகத்தையா கையில் கொடுக்கிறது? வாயால் சொல்கிறது. கோப்பு போய்விட்டது, சொல்வது பாக்கி என்கிறீர்கள், அதுவேதான் ஒப்புவித்தல்.

இருக்கட்டும். டாஸ்குக்கும் வொர்க்யூனிட்டுக்கும் என்ன வேறுபாடு என்று யாராவது சொல்லுங்கள். இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

சென்னை நிரலாளர்

நல்ல கேள்வி ஐயா. வழங்கி ஒரே கூறைப் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு கணினிகளுக்கு அனுப்பும், சில திட்டங்களில் இன்னும் கூடுதலாக. அப்படிப் போகிற ஒவ்வொன்றும் ஒரு டாஸ்க். திரும்பி வந்தவை ஒன்றோடொன்று பொருந்தினால்தான் விடையை ஏற்கும். பொருந்தாவிட்டால் மூன்றாவது ஆளுக்கு அனுப்பும். யாரோ ஒருவருடைய கணினி சூடேறித் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கலாம் அல்லவா?

ஐன்ஸ்டீன் அட் ஹோம் 2010-இல் அறிவித்த முதல் பல்சார் (சீராகத் துடிக்கும் விண்மீன்), ஜே2007+2722, அமெரிக்காவின் ஐயோவாவில் ஒரு தம்பதியின் கணினிக்கும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவருடைய கணினிக்கும் போன வேலையிலிருந்து வந்தது. ஒரே துடிப்பை இரண்டு இடத்திலும் கண்டார்கள். அதனால்தான் கண்டுபிடித்தவர்கள் என்று இரு தரப்பையும் சொன்னார்கள்.

தஞ்சாவூர் புலவர் ஐயா

தம்பி, இது 'படி'! ஏட்டுப் படி!

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் ஊர் ஊராக ஏடு தேடினார். ஓர் ஏட்டில் எழுத்துப் பிழை இருக்கும், இன்னொன்றைச் செல் அரித்திருக்கும். ஒன்றை மட்டும் நம்பிப் பாடத்தை நிறுவ முடியாது. பல படிகளை அடுக்கி வைத்து, ஒப்புநோக்கி, பாடபேதம் குறித்து, கடைசியில் ஒரு பாடத்தைக் கொண்டார். நீங்கள் சொல்லும் முறையும் அதுதான். மூலம் ஒன்று, அது 'கூறு'. ஆளுக்கு ஒன்றாகப் போவது 'படி'. பொருத்திப் பார்ப்பது 'ஒப்புநோக்கல்'. இங்கேயும் 'ஒப்பு' வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

சென்னை நிரலாளர்

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் 'படி' என்றால் அளக்கும் படி, ஏறும் படி, அகவிலைப்படி, 'பாடத்தைப் படி'. இவ்வளவு சுமையை அந்த ஒரு சொல் தாங்குமா? தவறான விடைகள் கூடினால் ஒரு கணினிக்குக் கிடைக்கும் நாள் அளவை வழங்கி குறைத்துவிடும். அதற்குப் 'படியளப்பு' என்ற சொல்லை மனதில் வைத்திருந்தேன். இரண்டு படியும் ஒரே கையேட்டில் வந்தால் குழப்பம்தான்.

அப்புறம், 'கூறு கெட்டது' என்று பிழைச்செய்தி வந்தால் பிள்ளைகள் அதை வசவாக எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு நண்பர் தனிமடலில் எச்சரித்தார். 'கூறில் பிழை' என்று எழுதிவிட்டால் போதும்.

ஹட்டன் ஆசிரியை

வணக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கூடையைக் கொண்டுபோய் நிறுவைக்குக் கொடுத்தவுடன் கொழுந்து கைவிட்டுப் போய்விடும். ஆனால் புத்தகத்தில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். "நிறுத்தாச்சு, பேர் விழல்ல" என்று அவர் சொல்லி நிற்கிற இடம் ஒன்று உண்டு. வேலை முடிந்தது, பொருளும் போய்ச் சேர்ந்தது, பதிவு மட்டும் பாக்கி. நீங்கள் சொல் தேடுவது அந்த இடத்துக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

'பேர் விழ' என்று எல்லோருக்கும் புரியாது, தெரியும். அந்த நிலைக்கு மக்களிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதினேன்.

சென்னை நிரலாளர்

அக்கா, இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. நெல் கொள்முதல் நிலையத்திலும் இதே கதைதான். மூட்டை இறங்கிவிட்டது, கணக்கில் ஏறவில்லை என்பார்கள். அப்படியானால் 'கணக்கேற்றத் தயார்' என்று வைப்போமா? விருதுநகர், தஞ்சாவூர், யாழ்ப்பாணம், ஹட்டன் நான்கு ஊருக்கும் புரியும்.

யாழ்ப்பாணத்து அண்ணன்

எனக்குச் சம்மதம்.

விருதுநகர் ஆசிரியை (வியாழன் மாலை)

இன்று மதியம் வகுப்பில் நான்கு சொல்லையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். 'கூறு' உடனே பிடிபட்டது. 'சுமைதாங்கி'யைப் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. ஒரு பையன் மட்டும், "எங்க ஊர் கம்மாக்கரைல ஒண்ணு கெடக்கு மிஸ்" என்று எழுந்து நின்று அதன் உயரத்தைக் கையால் காட்டினான். அதன்பின் யாரும் மறக்க மாட்டார்கள். மின்வெட்டுக்குப் பிறகு, முடிந்த வேலை 62 விழுக்காட்டிலிருந்து ஏன் 60-க்கு இறங்கியது என்பதை அவனே மற்றவர்களுக்கு விளக்கினான்: கடைசிச் சுமைதாங்கிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து நடக்கிறது.

'கணக்கேற்றத் தயார்' என்று எழுதியதும் திட்டத்தை ரீசெட் செய்த அதே மாணவன் கேட்டான்: "யார் ஏத்தணும் மிஸ்? நாங்களா?"

எனக்கு அங்கேதான் விளங்கியது. 'அறிக்கையிட', 'ஒப்புவிக்க', 'கையளிக்க', 'கணக்கேற்ற' எல்லாமே யாரோ செய்ய வேண்டிய வினைகள். திரையில் அதைப் படிக்கிறவர் தன்னைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். எதையாவது அழுத்துகிறார். இங்கே அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அதனால் பிறவினையை விட்டுத் தன்வினைக்கு மாற்றினேன்: 'கணக்கில் ஏறக் காத்திருக்கிறது'. திரும்பக் கேட்டேன். "தானா ஏறிடும்" என்றான்.

டாஸ்குக்குப் 'படி' என்று போட மனம் இருந்தும் துணிவு வரவில்லை. 'வேலை' என்றே விட்டுவிட்டேன். இரண்டு கணினிகளுக்கு ஏன் ஒரே கூறு போகிறது என்று விளக்கும் பத்தியில் ஏட்டுப் படி உவமையைச் சேர்த்திருக்கிறேன், ஐயா. நாளை காலை 9 மணிக்கு அச்சகத்தில் கொடுக்கிறேன்.

தஞ்சாவூர் புலவர் ஐயா

நல்லது அம்மா. 'ஏற', 'ஏற்ற' என்ற வேறுபாட்டை நாற்பது ஆண்டு வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். அந்த மாணவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஆனால் 'வேலை' என்பது பழம்பாட்டில் கடலையும் கடற்கரையையும் குறிக்கும் சொல். வேறு சொல்லே கிடைக்காதது போல அதைப் போட வேண்டுமா? 'படி'தான் சரி என்பதில் எனக்கு மாற்றமில்லை. அளக்கும் படியும் ஏறும் படியும் எத்தனையோ காலமாக ஒரே மொழியில் சண்டையின்றித்தான் இருக்கின்றன. இரண்டாம் பதிப்பு வரும்போது என் கருத்தை மீண்டும் வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்து அண்ணன்

பருவநிலையைக் கணிக்கும் கிளைமேட் பிரடிக்ஷன் திட்டத்தில் ஒரு வேலை வாரக்கணக்காக ஓடும். நடுவில் இவ்வளவு முடிந்தது என்று அவ்வப்போது சின்னச் செய்தி அனுப்பும். அதற்கு 'ட்ரிக்கிள்' என்று பெயர். 'சொட்டு' என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். வேறு ஆருக்கும் வேறு சொல் உண்டோ?

தஞ்சாவூர் புலவர் ஐயா

'சொட்டு' வேண்டாம். 'கசிவு', 'ஊற்று', 'துளி' மூன்றையும் பார்த்துவிட்டு நாளை விரிவாக எழுதுகிறேன்.