புதுப்பிப்பு: ஜூரிப் பணியால் இழந்த சம்பளம்

லண்டனில் மணிக்கணக்குச் சம்பளத்தில் கிடங்கு வேலை பார்க்கும் எனக்கு, நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் இரண்டு வாரம் பணியாற்ற அழைப்பு வந்திருப்பதாகவும், அந்த மாத வாடகையை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி. பணி முடிந்துவிட்டது.

இங்கிலாந்தில் ஜூரிப் பணிக்கு முதலாளி விடுப்புக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இழப்பை நீதிமன்றம் ஈடுசெய்கிறது என்றாலும், முதல் 10 நாட்களுக்கு, நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்டும், அதற்குக் குறைந்தால் 32.47 பவுண்டும்தான் கிடைக்கும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 12.21 பவுண்ட் குறைந்தபட்ச ஊதியத்தில் எட்டு மணி நேரம் உழைப்பவருக்கே 97.68 பவுண்ட் வரும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வரம்பு ஏழைத் தொழிலாளிக்கு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. பயணச் செலவும் சாப்பாட்டுக்கு 5.71 பவுண்டும் தனியாகக் கிடைத்தன.

என்னை அதிகம் அலைக்கழித்தது வருமான இழப்புச் சான்றிதழ்தான். அதை நிரப்பித் தர வேண்டிய என் நிறுவனம் பல நாட்கள் இழுத்தடித்ததால், பணமும் தாமதமாகவே வந்தது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, வாடகையை இரண்டு தவணையாகக் கொடுத்தேன். ஆகவே அழைப்பு வந்த அன்றே அந்தப் படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். கையில் சேமிப்பே இல்லாத நேரம் என்றால், தகுந்த காரணம் காட்டி, 12 மாதங்களுக்குள் வேறொரு தேதிக்கு ஒருமுறை ஒத்திவைக்கக் கேட்கலாம்.