வெள்ளம் வடிந்தும் கிணறு சுத்தமாகவில்லை, வழி சொல்லுங்கள்

சிதம்பரம் பக்கம், கொள்ளிடக் கரையோரத் தெரு எங்களுடையது. மேட்டூர் நிரம்பி உபரி நீரை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பினால் எங்களுக்குப் பயம்தான். இந்த முறை வெள்ளம் பொதுக்கிணற்றின் வாயை மூடி இரண்டு நாள் நின்றது. வடிந்து மூன்று வாரம் ஆகியும் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை, தெருவில் நாலு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.

கிணறு 8 அடி விட்டம், 15 அடி தண்ணீர், அதாவது சுமார் 21,000 லிட்டர். முதலில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் போட்டோம், அரை மணி நேரத்தில் குளோரின் வாசனையே இல்லை. அப்புறம் மோட்டார் வைத்து இறைத்து, சேறு அள்ளி, ஊறியதும் ஒரு கிலோ கரைத்து ஊற்றி ஒரு ராத்திரி விட்டு மறுபடி இறைத்தோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் பரிசோதனைக் குப்பியில் ஊற்றி வைத்த தண்ணீர் ஒரே நாளில் கறுத்துவிட்டது, கிருமி இருக்கிறது என்று அர்த்தம். காலையில் லேசாகச் சாக்கடை வாடையும் வருகிறது.

எனக்குச் சந்தேகம் 30 அடி தள்ளியிருக்கிற கழிப்பறைக் குழி மேல்தான், அதுவும் வெள்ளத்தில் மூழ்கியது, அடியில் சிமெண்ட் போடாத குழி. கிணற்றின் மேல் உறைகளின் இணைப்பிலும் விரிசல் இருக்கிறது. இப்போதைக்குக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், ஆனால் விறகெல்லாம் ஈரம், எல்லா வீட்டிலும் கேஸ் இல்லை. கையில் இருக்கிற பணம் ஒரு வேலைக்குத்தான் வரும்.

விரிசலைப் பூசி உறையை உயர்த்துவதா, கழிப்பறைக் குழியை முதலில் இடம் மாற்றுவதா, இதில் எதைச் செய்தால் கிணறு தேறும்?