வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) எடுப்பவர்கள் வீட்டில் கீரையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அப்பாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்ததிலிருந்து வார்ஃபரின் ஓடுகிறது, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ரத்தம் உறைவதற்கான 2, 7, 9, 10 என்ற எண்ணுள்ள காரணிகளை, அதாவது புரதங்களை, கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும், அதன் வேலையைத்தான் இந்த மாத்திரை தடுக்கிறது, கீரையில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது, அதனால் திடீரென்று முருங்கைக்கீரையை அள்ளிச் சாப்பிட்டால் ஐஎன்ஆர் இறங்கிவிடும், ஒரேயடியாக நிறுத்தினால் ஏறிவிடும். கீரையே கூடாது என்பதில்லை, வாராவாரம் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் போதுமாம். சரி, ஆனால் அப்பா கீரைப் பைத்தியம், அத்தை வேறு வந்தால் ஒரு சட்டி பொரியல் செய்துவிடுவார்! நீங்கள் எப்படி அளக்கிறீர்கள், கரண்டிக் கணக்கா, கிண்ணக் கணக்கா? வெளியூர் போனால்? மாத்திரை அளவை டாக்டரிடம்தான் கேட்போம், சமையலறை அனுபவம் மட்டும் சொல்லுங்கள்.