முதலில் ஆக்ஸல், அப்புறம் கூடாரம்

குழு: சுங்கை சிப்புட் குடும்பம் (பேராக், மலேசியா)
சனிக்கிழமை காலை

குணா: எல்லாருக்கும் வணக்கம். முகாம் போக வாங்கின டிரெய்லர் வீட்டுக்கு வந்துவிட்டது, படம் அனுப்பியிருக்கிறேன் பாருங்கள். செம்மோர் பக்கம் பழைய இரும்புக் கடையில் செம்பனை ஓலைக்கு அடியில் கிடந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்ததாம், கடை முதலாளி தவுக்கே ஏலக் காகிதத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். பிரிட்டிஷ் சாங்கி கம்பெனி டிரெய்லர், முக்கால் டன், லேண்ட்ரோவருக்குப் பின்னால் கட்டி இழுப்பதற்கென்றே செய்த வண்டி.

முகிலன்: மச்சான் செம லா! மேலே கூரைக் கூடாரம், பின்னால் இழுத்து வைக்கிற அடுப்படி, பக்கத்தில் பந்தல், ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு சோலார். நேற்று ராத்திரி முழுக்க வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் எம்416 என்று ஒன்றை வைத்து என்னென்னவோ செய்கிறார்கள். இதுவும் அதுதானா?

குணா: இல்லைடா. எம்416 அமெரிக்க ராணுவத்தின் கால் டன் டிரெய்லர். எம்151 ஜீப்புக்குப் பின்னால் ஓடியது. ஒரே தொட்டியாக இருக்கும், பின் கதவு கிடையாது. கரடுமுரடான பாதையில் அதற்கு 500 பவுண்டுதான் கணக்கு, அதாவது 227 கிலோ. நீ சொன்ன சாமானையெல்லாம் அதில் ஏற்றினால் அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிடும். நம்முடையது அதைவிடப் பெரியது. ஆனாலும் பெரியது என்பதற்காகக் கண்டதையும் ஏற்றப்போவதில்லை.

ராஜு மாமா: மாப்பிள்ளை, படம் பார்த்தேன். பெட்டி நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் பெட்டியை யாரும் பார்க்கத் தேவையில்லை. அடியில் போய்ப் படுத்துப் படம் எடுத்து அனுப்பு. சேஸிஸ் இரண்டு பக்கமும், ஸ்பிரிங் மாட்டுகிற இடம், இழுவைக் கம்பி சேஸிஸோடு சேருகிற இடம், இந்த மூன்றும் வேண்டும். தோட்டத்து வொர்க்ஷாப்பில் எத்தனையோ டிராக்டர் டிரெய்லரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தும் பாதி வழியில் இழுவைக் கம்பி கழன்று போனதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

குணா: இப்போதே எடுக்கிறேன் மாமா.

ராஜு மாமா: கையோடு ஒரு சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொள். சேஸிஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உள்ளே துரு தின்றிருந்தால் சத்தம் அமுங்கிப் போகும், சில இடத்தில் செதில் செதிலாகக் கொட்டும். மூடின குழாய் சேஸிஸ் என்றால் துரு உள்ளேயிருந்துதான் வெளியே வரும், வெளிப் பெயிண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் தண்ணீர் தேங்கினாலே போதும். பெட்டித் தரையில் தண்ணீர் வடிகிற துளைகள் அடைத்திருக்கிறதா, அதையும் பார்.

தேவி அக்கா: மாமா, பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், பெயிண்ட் சுரண்டுவதை வீட்டு முன்னால் செய்யலாமா? பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று படித்தேன்.

ராஜு மாமா: சரியாகக் கேட்டாய் தேவி. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருந்தது. உலர்ந்த நிலையில் கிரைண்டரை வைத்தால் தூள் எல்லார் நெஞ்சுக்குள்ளும் போகும். தண்ணீர் விட்டு ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், நல்ல மாஸ்க் வேண்டும், பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. பிரேக் டிரம்மைத் திறக்கும்போதும் இதே கதைதான். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கும், காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுகிற வேலையே வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடு.

சரஸ் அத்தை: குணா, இதை எங்கே கொண்டுபோகப் போகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே.

குணா: நம் பக்கத்து லாசா ஊர் வழியாகப் பூர்வகுடி கிராமங்களுக்குப் போகிற மண் பாதை இருக்கிறதே அத்தை, அந்தப் பக்கம். பிறகு கேமரன் மலைப் பக்கம்.

சரஸ் அத்தை: போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2022 டிசம்பர் 16, பத்தாங்காளியில் முகாம் போட்டிருந்தவர்கள் தூக்கத்திலேயே மண்சரிவில் போனார்கள், 31 பேர், குழந்தைகளும் அதில். அதை நான் மறக்கவில்லை. அன்று பெரிய மழைகூட இல்லை என்று பலர் சொன்னார்கள். சரிவுக்குக் கீழே கூடாரம் போடக் கூடாது, ஆற்றங்கரையில் போடக் கூடாது. மேலே மலையில் மழை பெய்தால் நீ இருக்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கெப்பாலா ஆயர், அதுதான் மலையிலிருந்து திடீரென்று வருகிற வெள்ளம், வந்து அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் வர ஆரம்பித்தால் சாமானை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும்.

குணா: நிச்சயமாக அத்தை. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் போவதென்றால் வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் போவோம், யார் யார் போகிறோம் என்று இங்கேயும் எழுதிவிட்டுப் போவேன்.

சனிக்கிழமை மதியம்

குணா: மாமா, அடியில் எடுத்த படங்கள். இடது பக்கம் பின் மூலையில் மட்டும் தட்டினால் சத்தம் அமுங்குகிறது, மற்ற இடமெல்லாம் நன்றாகக் கேட்கிறது. இழுவைக் கம்பியில் வெடிப்பு தெரியவில்லை.

ராஜு மாமா: அந்த மூலையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் போடலாம். பழைய துருவின் மேல் தகடு ஒட்டுகிற வேலை வேண்டாம், அது இரண்டு மழைக்காலம் தாங்காது. பெட்டியில் துத்தநாகப் பூச்சு இருந்தால் வெல்டிங் போடுகிற இடத்தில் அதைத் தேய்த்து எடுத்த பிறகுதான் நெருப்பு வைக்க வேண்டும், அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சலில் நடுங்குவாய். இப்போது சக்கரம். ஜாக் வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாயா?

குணா: பார்த்தேன். வலது சக்கரம் அமைதியாகச் சுற்றுகிறது. இடது சக்கரம் கரகரவென்கிறது, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இருக்கிறது.

ராஜு மாமா: இரண்டு பக்கமும் பேரிங் மாற்று, கிரீஸ் வெளியே வராமல் தடுக்கிற சீலும் மாற்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது மிச்சமில்லை. பேரிங் மேலேயே எண் பொறித்திருக்கும், துடைத்துப் படித்து அந்த எண்ணைக் கடையில் கொடு. மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அப்புறம் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும், இறுக்கியபடியே விட்டால் சூடேறி எரிந்துவிடும். காட்டுக்குள் இன்னொன்று கவனி. நீண்ட தூரம் ஓடி ஹப், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கிற சக்கர நடுப்பகுதி, சூடாக இருக்கும்போது நேராக ஆற்றில் இறக்காதே. சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கரையில் கொஞ்ச நேரம் நிறுத்தி, கையை வைத்துப் பார்த்துவிட்டு இறக்கு. வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து பார், கிரீஸ் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு வந்திருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

முகிலன்: அப்பா, இழுக்கப்போகிற ஹைலக்ஸ் பிக்கப்புக்கு ஆறு போல்ட், டிரெய்லருக்கு ஐந்து. ஹப்பையே மாற்றி ஒரே சக்கரமாக ஆக்கிவிட்டால் ஸ்டெப்பினி ஒன்று போதுமே?

ராஜு மாமா: கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஆக்ஸல் வேலை, செலவு எல்லாம் மேலே மேலே போகும். இது லேண்ட்ரோவர் சக்கரம், 165.1 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட். சிம்பாங் பூலாய் வழியாக கம்போங் ராஜாவுக்கு ஏறிப் பார், கேமரன் மலைத் தோட்டங்களில் இன்றைக்கும் பழைய லேண்ட்ரோவரில்தான் முட்டைக்கோஸ் இறக்குகிறார்கள். அங்கே இந்தச் சக்கரம் பஞ்சமே இல்லை. டிரெய்லருக்குத் தனியாக ஒரு ஸ்டெப்பினியை முன்பக்கம் மாட்டிவிடு, முடிந்தது.

குணா: நானும் அப்படித்தான் நினைத்தேன் மாமா. இழுவை வளையத்தையும் மாற்றப்போவதில்லை. நேட்டோ வளையம், 76 மில்லிமீட்டர். காரில் போடுகிற 50 மில்லிமீட்டர் உருண்டைக் கொக்கி ஓரளவு சாய்வுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். இந்த வளையம் அதைவிட எவ்வளவோ அதிகம் திரும்பிக் கொடுக்கும். ஹைலக்ஸ் ஒரு பக்கம் சாய்ந்து டிரெய்லர் மறுபக்கம் சாய்ந்தாலும் ஒன்றையொன்று முறுக்காது. தார் ரோட்டில் கொஞ்சம் கடகடவென்று சத்தம் போடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, இழுவைக் கம்பிக்கு அடியில் குறுக்காக.

முகிலன்: வயரிங் என்னிடம் விட்டுவிடுங்கள். ராணுவ விளக்கு 24 வோல்ட், ஹைலக்ஸ் 12. அப்படியே இணைத்தால் எரியும், ஆனால் மங்கலாக, கால்வாசி சக்திதான் கிடைக்கும். பின்னால் வருகிற லோரிக்கு பிரேக் விளக்கு தெரியாமல் போய்விடும். 12 வோல்ட் எல்இடி போட்டு, பழைய 12 முனை நேட்டோ பிளக்கை எடுத்துவிட்டு 7 முனை வைக்கிறேன். ஒயரை எல்லாம் குழாய்க்குள் விட்டு, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த். துருப்பிடித்த சேஸிஸை நம்பி எர்த் கொடுத்தால் சிக்னல் போட்டால் பிரேக் விளக்கு மின்னும்.

சனிக்கிழமை இரவு

தேவி அக்கா: தாத்தாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “1948 ஜூன் 16, இந்தச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், அதோடு அவசரகாலம் வந்துவிட்டது. நான் அப்போது சின்னப் பையன். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். அரிசி எல்லாம் அளந்துதான். ராணுவ வண்டி பின்னால் இப்படி ஒரு பெட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு செம்மண் ரோட்டில் போகும், நாங்கள் ஓரத்தில் ஒதுங்கி நிற்போம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட பயம்.”

ராஜு மாமா: அப்பா இதையெல்லாம் எங்களிடம்கூட அதிகம் பேசினதில்லை.

தேவி அக்கா: பச்சைப் பெயிண்டே அடிக்காதே என்கிறார் குணா. வேறு நிறம் அடி என்கிறார்.

குணா: தாத்தா சொன்னால் சரி. மணல் நிறம் அடிக்கிறேன். பதிவுக்கும் அதுதான் நல்லது, ராணுவ வண்டி என்று யாரும் நினைக்கக் கூடாது. ராணுவ வண்டிக்குப் போடுகிற இசட் எழுத்து இலக்கத்தின் தடம் பின் தகட்டில் இன்னும் தெரிகிறது, அதைச் சுத்தமாக எடுத்துவிடுவேன். திங்கட்கிழமை ஏலக் காகிதத்தோடு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) போகிறேன். என்ன பரிசோதனை, என்ன அளவு, எதை மாற்றலாம் என்று கேட்டுத் தெரிந்த பிறகுதான் பெட்டிக்கு மேல் ஒரு துளைகூடப் போடுவேன். பதிவு முடியாமல் ரோட்டில் இழுப்பதில்லை.

முகிலன்: கூடாரமாவது இப்போதே வாங்கி வைக்கலாமே மச்சான், சலுகை போட்டிருக்கிறான்.

குணா: கேள் முகிலா. கூடாரம் 60 கிலோ என்று வை. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, 40 கிலோ. ஃபிரிட்ஜ், சாப்பாடு, அடுப்பு, ஸ்டெப்பினி, பேட்டரி எல்லாம் சேர்த்தால் நினைப்பதற்குள் 200ஐத் தாண்டும். அதில் கனமான கூடாரம் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும், பக்கச் சரிவில் டிரெய்லரைப் புரட்டுவது அதுதான். நான் கூடாரத்தைப் பெட்டிச் சுவருக்குச் சமமாகத் தாழ்வான சட்டத்தில் வைக்கப்போகிறேன், ஹைலக்ஸ் கூரையைத் தாண்டாது. தண்ணீரும் பேட்டரியும் தரையில், ஆக்ஸலுக்குச் சற்று முன்னால். பின்னால் பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் வாலாட்ட ஆரம்பிக்கும், அப்புறம் பிடித்து நிறுத்த முடியாது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கி மேல் உட்கார வேண்டும்.

ராஜு மாமா: எடையை மனக்கணக்காகப் போடாதே. செம்பனை ஆலையில் எடைப் பாலம் இருக்கிறது, அங்கே கணக்கெழுதுகிற கிராணி எனக்குத் தெரிந்தவர், லோரி இல்லாத நேரத்தில் ஏற்ற விடுவார். காலியாக ஒரு தடவை, எல்லாச் சாமானும் ஏற்றி ஒரு தடவை. ஸ்பிரிங் முக்கால் டன்னுக்குச் செய்தது, பாரம் கம்மியாக இருந்தால் குதித்துக் குதித்துப் போகும், முட்டை முதல் ஃபிரிட்ஜ் வரை நொறுங்கும். முதலில் டயர் காற்றைக் குறைத்துப் பார்ப்போம். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை எடுப்பதைப் பற்றிப் பேசலாம், அதுவும் எடை தெரிந்த பிறகு.

சரஸ் அத்தை: கேஸ் எங்கே வைக்கிறாய்?

குணா: வெளியே, நிமிர்த்தி, தனிப் பெட்டியில் அத்தை. கசிந்தால் கேஸ் கீழே இறங்கித் தேங்கும், அதனால் அந்தப் பெட்டியின் அடியில் துளை இருக்கும். பேட்டரி பக்கம் வைக்க மாட்டேன். சமைப்பதும் கதவைத் திறந்து வெளியேதான்.

சரஸ் அத்தை: சரி. முதல் தடவை பகலிலேயே போய்ப் பகலிலேயே வந்துவிடுங்கள், பக்கத்திலேயே. சமைப்பது நான். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போவோம், அவருக்கு முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று ஏற்று.

முகிலன்: அந்த நாற்காலியும் எடைக் கணக்கில் சேருமா மச்சான்?

குணா: சேரும். அதற்காக உன் சோலார் ஒன்றை இறக்கிவிடலாம்.

ராஜு மாமா: மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில் பேரிங் கழற்றுகிற கருவியோடு வருகிறேன். அதற்குள் பிரேக் டிரம்மில் டீசல் எண்ணெய் எதுவும் ஊற்றிவைக்காதே, ஷூ ஊறிப்போகும். சீலின் உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூன்றையும் வெர்னியரில் எடுத்து எனக்குத் தனியாக அனுப்பு, ஈப்போ கடையில் கேட்டு வைக்கிறேன்.